டாக் தேடப் போனேன், குமிழில் பிடிபட்டது

போன வாரம்தான் கடைசி சாலிடரை வைத்து மூடினேன். 7 மாத வேலை. இப்போது இரவு 11 மணிக்கு, பக்கத்து அறையில் தூங்குபவர்களை எழுப்பாத அளவில் பாட்டை வைத்தால், பாடகி இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்கிறார். முன்பு அப்படி நிற்க மாட்டார். ஒரு முழம் இடது பக்கம் தள்ளி நின்று பாடுவார். பகலில் சத்தமாகக் கேட்டால் நடுவுக்கு வந்துவிடுவார், இரவானால் மறுபடி இடது. இந்தக் கோளாறைத் தீர்க்கத்தான் உயர்ரக டாக் ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினேன்.

டாக் என்றால் டிஜிட்டல் கோப்பை, சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்புக்குப் போகும் மின் அலையாக மாற்றும் பெட்டி. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு, யுஎஸ்பியில் மின்சாரம் எடுத்துக்கொள்ளும், ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது. கணினி, அந்தச் சின்னப் பெட்டி, பழைய கிளாஸ் ஏபி ஆம்ப், ஷெல்ஃபில் வைக்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, இவ்வளவுதான் என் சரக்கு. இதில் ஆக விலை குறைந்தது டாக். அதனால் பழி அதன் தலையில் விழுந்தது. 'இமேஜிங்', 'சவுண்ட் ஸ்டேஜ்' என்றெல்லாம் விமர்சனங்களில் படித்துப் படித்து, பாடகி எங்கே நிற்க வேண்டும் என்பதை டாக்தான் தீர்மானிக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். முதல் தவறு அங்கேதான்.

மூன்று பெட்டிகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். என் பழையது ஒன்று. திருப்பித் தரலாம் என்ற கெடுவோடு வாங்கிய பெரியது ஒன்று. இப்போது பரவலாக இருக்கும் டெல்டா-சிக்மா வகை, விலை என் ஸ்பீக்கர் ஜோடியைப் போல ஒன்றரை மடங்கு. மூன்றாவது நண்பர் கடன் கொடுத்த ஏணி டாக். ஆர்-2ஆர் என்பார்களே, ரெசிஸ்டர்களை ஏணிப்படி மாதிரி அடுக்கிச் செய்தது. அதில் ஓவர்சாம்ப்ளிங்கும் கிடையாது, அதாவது கோப்பில் இருக்கும் ஒலிப் புள்ளிகளுக்கு நடுவே புதுப் புள்ளிகளைக் கணக்கிட்டுச் சேர்க்காது. "காதுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

உள்ளே எந்த சில்லு என்று நான் அதிகம் அலசவில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் நிறுவனத்தின் சில்லு ஆலை தீப்பிடித்தபோது, பல தயாரிப்பாளர்கள் அவசரமாக வேறு சில்லுக்கு மாறினார்கள். பெட்டியும் பெயரும் அப்படியே இருக்க, உள்ளே சில்லு மட்டும் மாறிய மாடல்களும் உண்டு. அதற்குப் பிறகு சில்லின் பெயரைப் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

முதல் வாரம் சும்மா கேட்டேன். நோட்டில் எழுதியும் வைத்தேன்: "பெரியது: மூச்சு விடும் இடமெல்லாம் தெளிவு, அடித்தொனி கெட்டி. ஏணி: மென்மை. பழையது: தட்டை." இந்த வரிகளை இன்று படித்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது அத்தனையும் நிஜமாகவே கேட்டது.

ஒலியளவு சமமாக இல்லாமல் ஒப்பிடக் கூடாது என்று படித்திருந்தேன். சரி, அளந்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். டாக்கையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளில் பழையது ஒன்றை வெட்டி, நடு நரம்புக்கு ஒன்று, சுற்று வலைக்கு ஒன்று என இரண்டு முதலைக் கிளிப்புகளை சாலிடர் செய்தேன். 1 கிலோஹெர்ட்ஸ் டோனை முழு அளவில் ஓடவிட்டு அளந்தால், மூன்று பெட்டியும் அவற்றின் கையேட்டில் போட்டிருப்பதைவிடக் குறைவாகவே காட்டின. கொஞ்சம் பதறித்தான் போனேன். மூன்றும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்க முடியாதே என்று பிறகுதான் உறைத்தது. மல்டிமீட்டரின் கையேட்டைப் புரட்டினால், ஏசி அளவு 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைதான் துல்லியம் என்று போட்டிருந்தது. மலிவான மீட்டர்கள் பலவும் இப்படித்தான். 400 ஹெர்ட்ஸ் டோனுக்கு மாற்றியதும் எண்கள் ஒழுங்காக வந்தன. பழையது 1.96 வோல்ட், ஏணி 2.12, பெரியது 2.31. ஒவ்வொன்றிலும் இடது, வலது இரண்டையும் அளந்தேன். எதிலும் 0.01 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

இந்தக் கடைசி வரியிலேயே விடை இருந்தது. டாக்கிலிருந்து இடதும் வலதும் சமமாக வருகிறது என்றால் பாடகி சாய்வதற்கு டாக் காரணமில்லை. ஆனால் என் கண் வேறு எண்ணில் இருந்தது. 2.31ஐ 1.96ஆல் வகுத்து டெசிபலாக்கினால் 1.4 வருகிறது. பெரியது பழையதைவிட 1.4 டெசிபல் சத்தமாக ஓடியிருக்கிறது. இவ்வளவு சின்ன வித்தியாசம் சத்தம் கூடிய மாதிரி தெரியாது, ஒலி நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரியும். நோட்டில் எழுதிய மூச்சும் கெட்டியும் அதுதானோ?

பிளேயரில் மூன்று டாக்குக்கும் மூன்று வெளியீடு அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஒலியளவு வைத்தேன். பெரியதை 1.4, ஏணியை 0.7 டெசிபல் குறைத்ததும் மூன்றும் 1.96 வோல்ட்டை ஒட்டி வந்தன. 0.1 டெசிபலுக்குள் இருந்தால் போதும். இந்த வோல்ட்டேஜில் அது ஏறக்குறைய 0.02 வோல்ட். இதைச் செய்யும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெரிய டாக்கின் திரையில் எந்தப் பாட்டுக்கும் 48 என்றே காட்டியது. என் கோப்புகளில் பெரும்பாலானவை சிடியிலிருந்து எடுத்தவை, அவற்றின் சாம்ப்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 44,100 புள்ளிகள். கணினியின் மிக்ஸர் எல்லாவற்றையும் 48க்கு மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. மிக்ஸரைத் தவிர்த்து நேராக அனுப்பும்படி பிளேயரில் மாற்றினேன். காதுக்கு ஒன்றும் தெரியவில்லை, மனதுக்கு நிம்மதி.

அப்புறம் கண்ணைக் கட்டாத கண்கட்டுச் சோதனை. நான் முதுகைக் காட்டி உட்கார, மகள் ஆம்பின் இன்புட் திருகியைப் பார்த்துக்கொள்வாள். முதலில் பழையதைப் போட்டுக் காட்டுவாள். பிறகு காசு சுண்டி, தலை விழுந்தால் பெரியதுக்கு மாற்றுவாள், பூ விழுந்தால் திருகியை ஒரு சுற்றுச் சுற்றிப் பழையதிலேயே கொண்டுவந்து விடுவாள். மாறியதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். 16 தடவை. சும்மா ஊகித்தே 12ஐத் தொடுவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நாலுதான், அதனால் 12ஐ எல்லையாக வைத்தேன்.

16க்கு 16 எடுத்தேன். எழுந்து குதித்தேன் என்றே சொல்லலாம். பெரியதை வாங்கிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

மகள்தான் கெடுத்தாள். "அப்பா, பெரியதுக்கு மாத்தும்போது பாட்டு கொஞ்சம் தாவுதே, அதை வச்சுதானே சொல்றீங்க?" என்றாள். அவள் சொன்ன பிறகு கவனித்தால் உண்மைதான். மூன்று டாக்கும் ஒரே நேரத்தில் ஓடினாலும் பெரியது இம்மியளவு முந்தி ஓடியது. பழையதிலிருந்து அதற்குப் போனால் ஒரு எழுத்து விழுங்கப்படும், திரும்பி வந்தால் அதே எழுத்து திக்கும். என் காது தரத்தைக் கேட்கவில்லை, அந்தத் தாவலைத்தான் கேட்டிருக்கிறது. எனக்கே தெரியாமல்!

இனி ஒவ்வொரு முறையும் பாட்டை நிறுத்தி, மாற்றி, ஆரம்பத்திலிருந்து போட வேண்டும் என்று விதியை மாற்றினோம். 16க்கு 9. மறுநாள் வேறு பாட்டுகளோடு மறுபடி, 16க்கு 8. காசைச் சுண்டி ஊகித்திருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்.

ஏணி டாக் மட்டும் வேறு மாதிரி. இதே விதியில் பெரியதுக்கு எதிராக வைத்தபோது 16க்கு 14 சரியாகச் சொன்னேன். சிம்பல் ஒலிக்கும் இடத்தில் ஏணி மங்கலாக இருந்தது, அதுதான் அடையாளம். ஒலிப்பதிவு இன்டர்ஃபேஸ் ஒன்றை அதன் வெளியீட்டில் மாட்டி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில், அடித்தொனியிலிருந்து உச்சத் தொனி வரை ஏறும் ஸ்வீப் ஓட்டினேன். 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல் சரிவு, 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேல். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் ஓட்டினால் கணக்குப்படியே இப்படித்தான் சரியும், பெட்டியில் பழுது எதுவும் இல்லை. நண்பர் சொன்ன வெண்ணெய் இதுதானா என்று பார்க்க, பெரிய டாக்குக்குப் போகும் பாட்டில் மட்டும் ஈக்வலைசரால் அதே சரிவை வரைந்தேன். மறுபடி சோதனை: 16க்கு 7. நண்பரிடம் சொன்னேன். "அப்படின்னா எனக்குச் சரிவுதான் பிடிக்குதுன்னு வச்சுக்கோங்க" என்று சிரித்தார். அதில் தவறும் இல்லை.

இதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. பாடகி இரவில் இன்னும் இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார், பெரிய டாக்கிலும், ஏணியிலும்.

அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒரு மோனோ பாட்டைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, ஆம்பின் பின்னால் ஆர்சிஏ பிளக்குகளை இடம் மாற்றிச் செருகினேன். டாக்கில் குறை இருந்தால் சாய்வு வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை, இடதுதான். பிளக்குகளைப் பழையபடி வைத்து, ஆம்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றினேன். பாடகி வலது பக்கம் போய்விட்டார். ஆக ஸ்பீக்கரும் இல்லை, அறையும் இல்லை, ஆம்ப்தான். மொத்தம் ஐந்து நிமிடம் பிடித்தது.

400 ஹெர்ட்ஸ் டோனை முழு அளவிலிருந்து 20 டெசிபல் குறைத்து ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்தேன். ஒலிக் குமிழின் கோட்டைக் கடிகார முள்ளாக வைத்துக்கொண்டால், 8 மணி நிலையில், அதாவது என் இரவு நிலையில், இடது 0.210 வோல்ட், வலது 0.170. 1.8 டெசிபல் வித்தியாசம்! 9 மணியில் 0.9 டெசிபல், 10 மணியில் 0.3. 11 மணிக்கு மேல் 0.1க்குள் அடங்கிவிட்டது. குமிழுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு தடங்கள், அவற்றின் மேல் ஓடும் முனைகள் ஒரே தண்டில் சுழல்கின்றன. திருப்பத் தொடங்கும் இடத்தில் இரண்டு தடங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது அபூர்வம். பகலில் குமிழைக் கூட்டி வைப்பதால் பாடகி நடுவுக்கு வந்திருக்கிறார். பெரிய டாக்கில் வோல்ட்டேஜ் அதிகம் என்பதால் குமிழை இன்னும் குறைக்க வேண்டியிருந்தது, அதில் சாய்வு கூடத்தான் செய்திருக்கும்.

(மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுவதால் ஸ்பீக்கர் முனையில் தைரியமாக வைக்கலாம். கணினியோடு இணைந்த இன்டர்ஃபேஸை அங்கே வைத்துவிடாதீர்கள். சில ஆம்புகளில் கறுப்பு முனையிலும் சிக்னல் இருக்கும், எர்த்தோடு சேர்ந்தால் ஆம்ப் போய்விடும்.)

காரணம் தெரிந்ததும் குறுக்கு வழி தேடினேன். பெரிய டாக்கில் ஒலியளவுக் கட்டுப்பாடு இருக்கிறதே, ஆம்ப் குமிழை முழுக்கத் திறந்துவிட்டு டாக்கிலேயே குறைத்துக் கேட்டால் என்ன? இரண்டு இரவு அற்புதமாகப் போயிற்று, பாடகி நட்டநடுவில். மூன்றாம் நாள் டாக்கின் மென்பொருளைப் புதுப்பித்தேன். அது அமைப்புகளையெல்லாம் அழித்துவிட்டு, ஒலியளவுக் கட்டுப்பாடு இல்லாத நிலைக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியாது. பிளேயரை அழுத்தினேன். அரை விநாடிதான். வீடே எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்பீக்கரில் உச்சத் தொனி தரும் ட்வீட்டர்கள் பிழைத்தது என் அதிர்ஷ்டம். கெடு முடிவதற்குள் அந்த டாக்கைத் திருப்பிக் கொடுத்தேன். தவறு அதனுடையது என்று சொல்ல மாட்டேன், குமிழை முழுக்கத் திறந்து வைத்தவன் நான்தான்.

அதனால் டாக்குக்கும் ஆம்புக்கும் நடுவே, யாராலும் திருப்ப முடியாத ஒரு குறைப்பான் வைப்பது என்று முடிவு செய்தேன். பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர் போதும். சிக்னல் வழியில் 4.7 கிலோ ஓம், அதன் பிறகு சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1.2 கிலோ ஓம். இதில் ஏறக்குறைய 14 டெசிபல் குறையும். டாக்குக்கும் பாரம் இல்லை, ஆம்புக்கும் தொந்தரவு இல்லை.

இங்கேயும் ஒரு சறுக்கல். டப்பாவில் கிடந்த 5 சதவீத கார்பன் ரெசிஸ்டர்களை வைத்து முதல் ஜோடியைக் கட்டினேன். கேட்டால் மறுபடி சாய்வு! கழற்றி அளந்தேன். இடது பக்கம் 4.58, 1.23 கிலோ ஓம். வலது பக்கம் 4.86, 1.17. நாலும் அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கின்றன, ஆனால் சேர்ந்த சேர்க்கை 0.75 டெசிபல் வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிட்டது. குமிழ் செய்த குற்றத்தை நானே என் கையால் செய்திருக்கிறேன். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் மதிப்புக்குப் பத்து வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, மூன்றாம் இலக்கம் வரை ஒத்துப்போகும் ஜோடிகளைப் பொறுக்கினேன். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 0.02 டெசிபலுக்குள் வந்தது. ஒரு கை அகல கேபிளில் ஆம்ப் பக்கத்து பிளக்கின் உலோகக் கூட்டுக்குள்ளேயே இரண்டையும் அடக்கினேன். 1.2 கிலோ ஓமின் கால் கூட்டைத் தொடாமலிருக்க ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். 20 ரெசிஸ்டரும் நாலு பிளக்கும் சேர்ந்து, திருப்பிக் கொடுத்த டாக்கின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

அன்று இரவு குமிழ் 10 மணியில் நின்றது, பாடகி நடுவில் நின்றார். பழைய டாக்கோடுதான்.

ஆனாலும் கடைசியில் ஒரு புது டாக் வாங்கினேன். எதற்கு? அதே கேள்வியை வீட்டிலும் கேட்டார்கள். உண்மையில் பிளேயரின் மென்பொருள் ஒலியளவைக் குறைத்திருந்தால் ரெசிஸ்டர்கூட வேண்டியிருந்திருக்காது, சல்லிக்காசு செலவில்லை. ஆனால் தொலைக்காட்சியையும் இதே ஆம்பில்தான் கேட்கிறோம், அதற்குப் பிளேயர் கிடையாது. தவிர, குமிழைத் திருப்ப ஒவ்வொரு முறையும் எழுந்து போக வேண்டும்.

ஹம் என்ற இன்னொரு தொல்லையும் இருந்தது. யுஎஸ்பி வழியே கணினியின் இரைச்சல் ஆம்புக்குள் வந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றதும் மெல்லிய உறுமல், மவுஸை நகர்த்தினால் கிர்ரென்று ஒரு கீறல். எர்த் பின்னைப் பிடுங்கிவிடச் சொன்னார்கள். அதைமட்டும் செய்யவே கூடாது, உயிர் காக்கும் பின் அது. கணினிக்கும் டாக்குக்கும் நடுவே மின் தொடர்பைத் துண்டிக்கும் மலிவான யுஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்கினேன். அது 12 மெகாபிட் வேகத்துக்குத்தான் ஆகும். ஏணி டாக் அதிவேக யுஎஸ்பியை எதிர்பார்ப்பது, அதனால் கணினிக்கு அது கண்ணிலேயே படவில்லை. வாங்குமுன் வேகத்தைப் பார்க்காதது என் பிழை. கடைசியில், சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் போட்டேன். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தாது, உறுமல் அந்த நொடியே செத்தது. என் கணினியின் ஆப்டிகல் வழி 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக ஓடுகிறது, 192இல் விட்டுவிட்டு வருகிறது. 192 கோப்புகள் என்னிடம் ஒரு கையளவுதான், அவற்றை 96க்கு மாற்றிக்கொண்டேன்.

ஆக டாக் வாங்கும்போது நான் பார்த்தவை இவைதான். ஆப்டிகல் இன்புட் குறைந்தது இரண்டு வேண்டும், கணினிக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று. அரை டெசிபல் படிகளில் ஒலியளவு, அதுவும் ரிமோட்டில். சாம்ப்பிள் ரேட்டைக் காட்டும் திரை. மின்சாரம் போய் வந்தாலும் கடைசி ஒலியளவை நினைவில் வைத்திருக்க வேண்டும். இதை வாங்குமுன் கையேட்டில் தேடிப் படித்தேன், வந்ததும் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன். 4 வோல்ட் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டை ஒதுக்கிவிட்டேன். என் ஆம்பில் ஆர்சிஏ மட்டும்தான் உண்டு, பயன்படாத பாதிக்குப் பணம் கொடுப்பானேன். கிடைத்த பெட்டியின் விலை பெரியதில் மூன்றில் ஒரு பங்கு.

ரெசிஸ்டர் கேபிளைக் கழற்றவில்லை. டாக்கே என்றாவது தவறிப்போய் முழு அளவில் கத்தினாலும், அது பகலில் கேட்கும் அளவைவிட 3 டெசிபல்தான் கூடும். ஆம்ப் குமிழ் 12 மணியிலேயே நிற்கிறது. இரவில் டாக்கை -11 டெசிபலில் வைக்கிறேன், பகலில் -3. மறுபடி இதையெல்லாம் செய்ய நேர்ந்தால் பிளக்கை மாற்றிச் செருகும் சோதனையை முதல் நாளே செய்வேன், ரெசிஸ்டர்களை முதலிலேயே அளந்து பொறுக்குவேன், மலிவு ஐசொலேட்டர் பக்கமே போக மாட்டேன். கண்கட்டுச் சோதனையை மட்டும் விடமாட்டேன், அந்த மாலைகள் நன்றாக இருந்தன.

பழைய டாக் மகளின் மேஜைக்குப் போய்விட்டது. ஆம்ப் குமிழில் 12 மணிக்கு நேராக வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்து, இதைத் தொடக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். "ரிமோட்டில பேட்டரி தீர்ந்துட்டா?" என்று கேட்டாள். உதிரி பேட்டரி இரண்டை ஆம்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.